அந்த 22 நிமிடம் யாருடையது?

வேலைக்குப் போகும் பெண்களுக்கு அறிவுரை சொல்ல இந்த நாட்டில் ஆள் பஞ்சமே இல்லை. நாளிதழின் ஞாயிறு இணைப்பு, பண்பலை வானொலியில் பேசும் டாக்டர், குடும்ப வாட்ஸ்அப் குழு என எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: “வேலைக்கு நடுவிலேயே உடற்பயிற்சி செய்துகொள்ளுங்கள். மனமிருந்தால் மார்க்கமுண்டு.” லிப்டைத் தவிர்த்துப் படியேறுங்கள். மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வீட்டுக்கு நடந்து போங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்துபோய்த் தண்ணீர் குடியுங்கள்.

நல்லது. இந்த அறிவுரைகளை அறந்தாங்கியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் லிப்ட். இங்கே நம்மில் பெரும்பாலோர் வேலை பார்க்கும் கட்டடங்களில் தரைத்தளமும் அதற்கு மேல் ஒரு மாடியும்தான். தவிர்ப்பதற்கு லிப்டே கிடையாது. அடுத்து, ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குவது. ஆவுடையார்கோயில் பக்கமோ மணமேல்குடி பக்கமோ இருக்கும் கிராமத்துக்கு மாலை பஸ் பிடித்துத் திரும்புகிறவளுக்கு ஒரு நிறுத்தம் என்பது இரண்டு தெரு தள்ளி இருப்பதல்ல. அது ஓர் ஊர் தள்ளி. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், விளக்கில்லாத ரோடு. இருட்டின பிறகு அதில் தனியாக நடந்துவந்தால் இதயத்துக்கு நல்லதுதான். அதற்குள் வீட்டிலிருந்து நான்கு போன் வந்திருக்கும். மறுநாள் தெருவே கேட்கும், “பஸ்ஸ விட்டுட்டு ஏன் நடந்து வந்தே?”

மதிய நடைக்கு வருவோம். சாப்பாட்டு நேரம் அரை மணி என்றால், அதில் பத்து நிமிடம்தான் சாப்பாடு. மீதி நேரத்தில் பள்ளியிலிருந்து வந்த குறுஞ்செய்திக்குப் பதில், கேஸ் பதிவு, மாமனாருக்கு மருந்துக்கடையில் சொல்லி வைப்பது, முடிந்தால் அப்படியே ஓடிப்போய் அரைக் கிலோ தக்காளி. கடைசியாகத் தண்ணீர். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். பெண்களுக்கென்று கதவு பூட்டுகிற, தண்ணீர் வருகிற, சாவியை யாரிடமும் கேட்டு வாங்கத் தேவையில்லாத கழிப்பறை உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா? இல்லாத அலுவலகத்தில் காலையிலிருந்து மாலை வரை ஒரு டம்ளர் தண்ணீரோடு ஓட்டும் பெண்களை நமக்கெல்லாம் தெரியும். நாமே அப்படி ஓட்டியவர்கள்தான்.

அறிவுரையின் அடிப்படை அறிவியலோடு எனக்குச் சண்டையில்லை. உட்கார்ந்தே இருப்பது உடம்புக்குக் கேடு என்பது உண்மை. 1953இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்துகளில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்ததைக் கண்டார். அவர் கணக்கெடுத்தது முழுக்க ஆண்களை. அவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபின் இரண்டாவது ஷிப்டில் நின்றார்களா என்று கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. அன்று தொடங்கி, உடலுழைப்பைப் பற்றிய பேச்சில் இப்படியோர் ஆள்தான் மனத்தில் இருக்கிறார்: வேலை நேரம் முடிந்ததும் மிச்ச நேரமெல்லாம் தனக்கே சொந்தமான ஆள்.

உலக சுகாதார நிறுவனம் வயது வந்த ஒருவருக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. விறுவிறுவென்று நடப்பது போதும். ஒரு நாளைக்குப் பிரித்தால் 22 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2024இல் வந்த ஆய்வு, 2022ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 57 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 42 சதவீதம் பேருக்கும் அந்த அளவு கிடைப்பதில்லை என்று மதிப்பிட்டது. உடனே கட்டுரைகள் வந்தன: இந்தியர்கள் சோம்பேறிகளாகிறார்கள், பெண்கள் இன்னும் மோசம்.

சோம்பேறிகளா? பக்கத்திலேயே இன்னொரு கணக்கை வையுங்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, யார் எதற்கு எத்தனை நிமிடம் செலவிடுகிறார்கள் என்று கேட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அந்த 88கூட, அன்றைக்கு வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி மட்டுமே. நான்கில் ஏறத்தாழ மூன்று ஆண்கள் கை வைக்கவே இல்லை. பிள்ளையையும் முதியவரையும் பார்த்துக்கொள்வது இந்தக் கணக்கில் சேராது, அது தனி.

இனி நாமே கணக்குப் போடலாம். அந்த 289 நிமிடத்திலிருந்து வெறும் 22 நிமிடத்தை வீட்டிலிருக்கும் ஆண் எடுத்துக்கொண்டால் பெண்ணுக்கு வாரத்தில் 154 நிமிடம் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கேட்பதைவிட நான்கு நிமிடம் அதிகம். இரவுப் பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்து வைக்க ஆகும் நேரம் அது. இந்தியப் பெண்ணின் ஆரோக்கியத்துக்கும் அவளுக்கும் நடுவே நிற்பது அவளது மன உறுதியல்ல, கழுவாத பாத்திரம். ஆனால் “ஆண்களே, பாத்திரம் துலக்குங்கள், உங்கள் மனைவிக்குச் சர்க்கரை நோய் தள்ளிப்போகும்” என்று எந்த ஞாயிறு இணைப்பும் எழுதியதில்லை. “பெண்களே, அரை மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள்” என்றுதான் எழுதுகிறது. நாலரை மணிக்கு எழுகிறவளை நாலு மணிக்கு எழச் சொல்வதற்கு ஆரோக்கியம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வீட்டை விடுங்கள், அலுவலகத்துக்கு வாருங்கள். காலை பதினோரு மணிக்கு என்ன நடக்கிறது? ஆண்கள் எழுகிறார்கள். “வாங்க சார், ஒரு டீயப் போட்டுட்டு வந்துருவோம்.” தெருமுனை வரை நடை. நின்றபடி கால் மணி நேரம் பேச்சு. திரும்பவும் நடை. மாலை நாலு மணிக்கு மறுபடியும் அதே. இதற்கு யாரும் அனுமதிச் சீட்டு எழுதுவதில்லை. மேலாளரே முன்னால் போகிறார். பெண்களுக்கு டீ மேசைக்கு வருகிறது. “மேடத்துக்கு இங்கயே குடுத்துருப்பா.” கேட்டால் மரியாதை என்கிறார்கள். அந்த மரியாதையில் அவள் காலை பத்து மணிக்கு உட்கார்ந்த நாற்காலியிலேயே மாலை ஐந்தே முக்கால் வரை இருக்கிறாள்.

யாராவது தேடி வந்தால் ஆணுக்கு ஒரு பதில்: “டீக்குப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு, உக்காருங்க.” அதே கால் மணி நேரம் ஒரு பெண் வளாகத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்தால் வேறு பதில்: “அந்தம்மா எப்பப் பாத்தாலும் சீட்ல இருக்க மாட்டாங்க.” நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நாங்கள் மூன்று பெண்கள் சாப்பாட்டுக்குப் பிறகு சுற்றுச்சுவரை ஒட்டி நடக்க ஆரம்பித்தோம். இரண்டாம் வாரமே “லேடீஸ் ஸ்டாஃப் வாக்கிங்” என்று அது கிண்டலாகிவிட்டது. மூன்றாம் வாரம் மேலாளர் கூப்பிட்டு, “பப்ளிக் வந்து போற இடம், பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க” என்றார். அதே பப்ளிக் டீக்கடையில் அவரைத் தினமும் இரண்டு முறை பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

ஆக, அலுவலக நேரத்துக்குள் உடம்பை அசைக்க இடமே இல்லை என்பது பொய். இடம் இருக்கிறது. டீ என்ற பெயரில் அது ஏற்கெனவே ஒரு பாலுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நமக்கு ஒதுக்கப்பட்டது ‘ஒய் பிரேக்’. ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம் 2021இல் அந்தப் பெயரில் ஒரு செயலி வெளியிட்டது. அலுவலக வேலைக்கு நடுவே ஐந்து நிமிடம் செய்யும் யோகா. ஐந்து நிமிடம் கையைத் தூக்கி இறக்குவதை நான் பழிக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை வேலை நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ள உரிமை உண்டு என்று எழுதித் தராமல் செயலியை மட்டும் தருவதில் என்ன பயன்?

ஒரு குரல் இந்த இடத்தில் கட்டாயம் எழும். “வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே? நம்ம பாட்டிங்க அம்மியில அரைச்சாங்க, ஆட்டுக்கல்லுல ஆட்டினாங்க, கெணத்துல தண்ணி எறைச்சாங்க. அவங்களுக்குச் சர்க்கரை வந்துச்சா?” மிக்ஸி வந்ததால்தான் பெண்களுக்கு நோய் வந்தது என்று சொல்லிப் பெண்ணை மறுபடி அம்மிக்கு முன்னால் உட்கார வைக்கத் துடிக்கும் குரல் இது. அம்மி அவ்வளவு நல்லதென்றால் ஆண்கள் ஏன் ஒருநாளும் அரைக்கவில்லை? அந்தப் பாட்டிகளின் இடுப்பு வலியையும் முழங்கால் தேய்மானத்தையும் யார் கணக்கெடுத்தார்கள்? பிரசவித்த சில நாளிலேயே குடம் தூக்கி, கருப்பை இறங்கி, அதை யாரிடமும் சொல்லாமலே செத்துப்போனவர்களை யார் எண்ணினார்கள்?

அறிவியலும் அந்தக் குரலுக்குத் துணை நிற்கவில்லை. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, ஓய்வு நேரத்தில் உடம்பை இயக்குவது இதயத்தைக் காக்கிறது என்றும், வேலையிடத்துக் கடும் உழைப்பு அப்படிக் காப்பதில்லை, மாறாக ஆபத்தைக் கூட்டவும் செய்கிறது என்றும் கண்டது. அவர்கள் பார்த்தது சம்பள வேலையைத்தான். ஆனாலும் நம் அடுப்படிக்கு அதில் பாடம் இருக்கிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம், எப்போது நிறுத்தி இளைப்பாறுவது என்பதெல்லாம் நம் கையில் இருக்கும்போதுதான் அது உடற்பயிற்சி. குக்கர் விசிலும் வேன் ஹாரனும் முடிவு செய்யும்போது அதற்குப் பெயர் உழைப்பு.

இதை இன்னும் தெளிவாகப் பார்க்க, அலுவலகத்திலிருந்து இறங்கிக் கடைவீதிக்குப் போவோம். ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண் உட்கார்ந்தே இருப்பதால் நோயாளியாகவில்லை. பத்து மணி நேரம் நின்றே இருப்பதால் அவளுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி முன்னின்று தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பு, கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கழிப்பறையும் உட்காரும் உரிமையும் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியது. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. சட்டம் வந்தபின் உங்கள் ஊர் ஜவுளிக்கடையில் நாற்காலி வந்ததா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள். வந்திருந்தால், அதில் உட்கார அவளை விடுகிறார்களா என்றும் பாருங்கள்.

ஒருத்திக்கு உட்கார உரிமையில்லை, இன்னொருத்திக்கு எழ உரிமையில்லை. இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள் அல்ல. ஒரு பெண்ணின் உடம்பு எப்போது நிற்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும், எப்போது எந்த வழியாக நடக்க வேண்டும் என்பதை அவளைத் தவிர எல்லாரும் முடிவு செய்கிறார்கள். இது அலுவலகத்தில் தொடங்குவதுமில்லை. பள்ளியில் விளையாட்டுப் பாடவேளை கணக்கு டீச்சருக்குப் போனபோதே தொடங்கிவிட்டது. வயதுக்கு வந்த மறுமாதம் “இனிமே ஓடியாடாதே” என்று வீட்டில் சொன்னபோது உறுதியானது. பத்தாண்டு மைதானத்தை மறக்கடித்துவிட்டு, முப்பத்தைந்து வயதில் இரத்த அழுத்தம் வந்தபின் “வாக்கிங் போம்மா” என்றால், கால் எங்கே போகும்?

தனியாளின் மன உறுதி இதற்குப் பதில் அல்ல என்று காட்ட, நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் புதுக்கோட்டை மாவட்டமே சாட்சி. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவோடு சைக்கிளும் கற்க வேண்டும் என்று அது முடிவு செய்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளை நெருக்கினார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் பொறுப்புத் தரப்பட்டது. பெண்களுக்கென்றே பயிற்சி முகாம்கள் நடந்தன. சைக்கிளுக்கென்றே பாட்டு எழுதப்பட்டது. 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். இதைப் பதிவு செய்த பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் இந்த இயக்கத்தில் கலந்துகொண்டதாக எழுதினார். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் போனபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள், குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு. அந்தக் கட்டுரை வடக்கே எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இருந்தது. நம் அக்காக்களை அங்குள்ள பிள்ளைகள் படித்தார்கள்.

அந்தப் பெண்களும் ஏச்சுப் பேச்சுக் கேட்டார்கள், நடத்தையைப் பற்றிய கிசுகிசுக்களைக் கேட்டார்கள். ஆனால் ஒருத்தி ஓட்டினால் வம்பாகிற விஷயம், ஆயிரம் பேர் ஓட்டும்போது ஊர் வழக்கமாகிறது. அவர்களிடம் யாரும் “நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், மனமிருந்தால் மார்க்கமுண்டு” என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. கடன் கொடுத்தார்கள், களம் கொடுத்தார்கள், கூட்டம் கொடுத்தார்கள், அரசு பகிரங்கமாகக் கூட நின்றது. பஸ்ஸுக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திருக்காமல் தன் வேகத்தில், தன் வழியில் போவது எப்படியிருக்கும் என்று அவர்களின் கால்கள் தெரிந்துகொண்டன. அது சிகிச்சைக்கான உடற்பயிற்சியல்ல. அதனால்தான் அது நடந்தது.

அந்த அக்காக்களின் மகள்கள்தான் இன்று கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். அரசு நமக்குப் பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி கொடுத்தது. 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானிய விலையில் ஸ்கூட்டர் கொடுத்தது. 2021இல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் கொடுத்தது. மூன்றும் பெண்ணை வெளியே கொண்டுவந்தன, மூன்றையும் நான் விட்டுத்தர மாட்டேன். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதையும் வந்தது. நடக்கப் பாதை வேண்டும் என்று அரசு ஒப்புக்கொண்டது நல்ல தொடக்கம். ஆனால் காலை ஐந்தரை மணிக்கு எந்த நடைபாதையிலும் யார் நடக்கிறார்கள், அந்நேரம் யார் சட்னி அரைக்கிறார்கள் என்று கேட்காத வரை, அது பாதி ஊருக்கான பாதை.

ஆகவே, தோழிகளே, படிக்கும் தங்கைகளே, அடுத்த முறை யாராவது “உடம்பைப் பாத்துக்கம்மா, கொஞ்சம் நடக்கலாம்ல” என்று சொன்னால் குற்ற உணர்ச்சியோடு தலையாட்ட வேண்டாம். பட்டியலை நீட்டுங்கள்.

அலுவலகத்தில் காலை கால் மணி, மாலை கால் மணி இடைவேளை, ஆண் பெண் இருவருக்கும், எழுத்தில். இருக்கையை விட்டு எழுந்ததற்குக் காரணம் கேட்கக் கூடாது. பெண்களுக்குத் தண்ணீரோடு கழிப்பறை. கடையில் நிற்பவளுக்கு நாற்காலி. அரசுப் பள்ளி மைதானங்கள் மாலை ஆறு முதல் ஏழரை வரை பெண்களுக்கு, விளக்கும் காவலுமாக. நகராட்சி அதைச் செய்ய வேண்டும், அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும் கவுன்சிலரிடம் முதலில் இதைக் கேளுங்கள். வீட்டில் அந்த 22 நிமிடம், உதவியாக அல்ல, பங்காக. ‘ஹெல்ப் பண்றேன்’ என்று வரும் ஆணிடம், இது யாருடைய வேலையில் யாருக்கு உதவி என்று கேட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கையில் கொடுங்கள்.

இவையெல்லாம் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. பதினோரு மணிக்கு அவர்கள் எழும்போது நாமும் எழுவோம். ஒருத்தியாக அல்ல, நான்கு பேராக. பக்கத்து அலுவலகத்துப் பெண்களையும் சேர்த்தால் எட்டுப் பேர். தெருமுனை டீக்கடைக்கு நடந்துபோய், நின்று, சத்தமாகப் பேசி, டீ குடித்து, திரும்ப நடப்போம். முதல் வாரம் பார்ப்பார்கள். இரண்டாம் வாரம் பேசுவார்கள். சைக்கிளில் போன ஆயிரத்து ஐந்நூறு பேரையும் இப்படித்தான் பார்த்தார்கள், பேசினார்கள், பிறகு வழிவிட்டார்கள்.